ஒரு நாள் கையுறை

எங்கள் ஆலையில் கையுறைக்கு வருடத்தில் ஒரு நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் அது என் மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில், மாஸ்க்குகளோடும் ரப்பர் பூட்ஸுகளோடும் நிம்மதியாகத் தூங்கும். அதற்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'ஆடிட் அலமாரி'. சாவி என்னிடம்.

நான் அங்கே சான்றிதழ்ப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். பருத்தி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எங்கே நூலானது, எங்கள் தொட்டியில் என்ன மருந்து கலந்தோம், கழிவுநீர் எங்கே போயிற்று, வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து சோதிப்பார், எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் சட்டைக் கழுத்தில் பச்சை இலைப் படம் போட்ட ஒரு சீட்டு தொங்கும். அந்த இலையைப் பார்த்துத்தான் எங்கோ ஒரு கடையில் யாரோ ஒருவர் மனசாட்சி உறுத்தாமல் அந்தச் சட்டையை வாங்கிப் போகிறார். அவர் மனசாட்சிக்குக் காவல் நான்.

அநியாயமாகப் பேசக்கூடாது. நாங்கள் காட்டுவதில் பெரும்பகுதி உண்மைதான். பருத்தி உண்மை. மருந்து உண்மை. கழிவுநீரைச் சுத்தம் செய்ய மேனேஜர் மெய்யாகவே ஒரு பெரிய இயந்திரம் வாங்கிப் போட்டிருந்தார், வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்திப் பெருமை பேசுவார். கையுறை விஷயத்தில் மட்டும் பூசி மெழுகுவோம். வெளுப்புத் தொட்டி மருந்தில் கையுறை சீக்கிரம் இற்றுப் போகும், வாங்கி மாளாது என்பார். "கிளவுஸ் போட்டா துணி வழுக்குதாம்மா, அவங்களே வேணாங்கிறாங்க" என்றும் சொல்வார். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. வருடா வருடம் நான் கேட்பேன், அவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார், நான் தலையை ஆட்டிவிட்டு வந்து அலமாரியைப் பூட்டுவேன்.

அந்த வெளுப்புத் தொட்டியில்தான் என் அண்ணி வேலை பார்த்தாள். சேர்த்துவிட்டதே நான்தான். அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறான், ஓட்டம் இருந்தால் உண்டு. வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று அண்ணி புலம்ப, "எங்க கம்பெனிக்கு வாங்களேன், சான்றிதழ் வாங்கின இடம், நானும் கூடவே இருக்கேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அண்ணனும், "நீ பார்த்துக்குவே" என்று அனுப்பி வைத்தான்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். சில மாதங்களில் அவள் விரல் நுனிகளில் தோல் உரிய ஆரம்பித்தது. பிறகு கணுக்களில் வெடிப்பு. சமையல் செய்யும்போது உப்பு டப்பாவைத் தொடமாட்டாள், எரியும். "வந்து உப்பைப் போட்டுட்டுப் போ" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் போட்டால் ஒன்று வாயில் வைக்க முடியாமல் கரிக்கும், இல்லை என்றால் சப்பென்று இருக்கும். அண்ணன் திட்டுவது என்னவோ அவளைத்தான். அவள் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாள், தட்டுக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் எல்லோரையும் பேக்கிங் கூடத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுப்பேன். கத்தாமல் எனக்குப் பாடம் எடுக்க வராது. அதனால் அண்ணி எனக்கு வைத்த பெயர் 'டீச்சர்'. அது ஆலை முழுக்கப் பரவிவிட்டது.

"கையில போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"கிளவுஸ்!"

"யாரு குடுத்தாங்க?"

"கம்பெனி!"

"கிழிஞ்சா?"

"வேற தருவாங்க!"

பழைய ஆட்களுக்கு இது மனப்பாடம். மறுநாள் சாயங்காலம் வாசலில் வைக்கும் பெட்டியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணிக்கு இது முதல் ஆடிட். அவள் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

கூடமே சிரித்தது.

"இது நிஜமாவே என்னோடதா? இல்ல, கேட்டா சொல்றதுக்கு மட்டுமா?"

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. பழைய ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். காலையிலிருந்து கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, மேனேஜர் வேறு கதவருகே வந்து நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பதில் இல்லாத இடத்தில்தான் அது முதல் ஆளாக வந்து நிற்கும்.

"உங்களோடதுதான்னு சொல்லியாச்சுல்ல? எத்தனை தடவை சொல்றது? உங்க கையில இருக்கிறது உங்களோடது. போதுமா?"

"போதும் டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகும் அந்தக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வந்த ஆடிட்டர் நல்ல மனிதர். நல்லவராக இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை. முரட்டு ஆளாக இருந்தால் ஏமாற்றுவதில் ஒரு திருப்தியாவது இருக்கும். இவர் ஒவ்வொருவரையும் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேள்வியையே ஆரம்பித்தார். வெளுப்புத் தொட்டிப் பக்கம் வந்ததும் நேராக அண்ணியிடம் போய் நின்றார்.

அண்ணி அன்றைக்குப் பேசியது போல நான் சொல்லிக் கொடுத்து ஒருவராலும் பேசியிருக்க முடியாது. "கிளவுஸ் வந்ததும் கை எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா சார்? நேத்து போட்டுப் பார்த்தப்பவே எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள். 'நேத்து' என்ற வார்த்தையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, அவர் அதைப் புது ஜோடி கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் கழட்டிக் காட்டறீங்களாம்மா?"

கழற்றினாள். உரிந்த தோல், வெடிப்பு, நகத்தைச் சுற்றிச் சிவப்பு. ஆடிட்டர் குனிந்து பார்த்தார். விசில் என்று நாங்கள் கூப்பிடும் சூப்பர்வைசர், எதற்கெடுத்தாலும் விசில் அடித்து ஆளைக் கூப்பிடுகிறவர், அன்றைக்கு மூச்சே விடவில்லை.

"என்னம்மா இது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கண் இமைக்கும் நேரம்தான். உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வது நான்தான் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. இதற்கு நான் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"வீட்டுல சோப்பு சேரலை சார். என் நாத்தனார் ஒருத்தி இருக்கா, மலிவா எது கிடைச்சாலும் வாங்கிட்டு வந்துடுவா. அவளைச் சொல்லணும்."

அவர் சிரித்துவிட்டார். "நல்ல சோப்பா வாங்கச் சொல்லுங்க உங்க நாத்தனாரை" என்றார். நாத்தனார் ஓரமாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையுறையைத் திரும்பப் போடச் சொல்லி, வெள்ளைத் துணியை அவள் ஏந்திப் பிடிப்பது போல கைகளை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து மேனேஜர் அறையில் கேக் வெட்டினார்கள். "உங்க அண்ணி பிழைக்கத் தெரிஞ்சவங்கம்மா" என்று மேனேஜர் எனக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் வாசல் பெட்டியைச் சீக்கிரமே உள்ளே கொண்டுவந்து அலமாரியில் கொட்டிப் பூட்டிவிட்டேன். ஆடிட்டரிடம் பேசிவிட்டு, விட்ட வேலையை முடித்து, கடைசி ஆளாக வெளியே போன அண்ணிக்கு வாசலில் பெட்டி கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் போட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை அவள் அந்தக் கையுறையோடு தொட்டி வேலையில் இறங்கினாள்.

விசில் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. நான் மேனேஜர் அறைக்குப் போனபோது அண்ணி முழங்கை வரை ரப்பரோடு, சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

"கையும் களவுமா பிடிச்சேன் சார். வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றார் விசில்.

"களவா?" என்றாள் அண்ணி. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான். "ஏன் சார், இது என்னோடதுன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்களே. இவளையே கேளுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீதான் குடுத்தியாம்மா? சொந்தக்காரங்கன்னு அலமாரியைத் திறந்து விட்டுட்டியா?"

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், நான்தான் சொன்னேன், அது அவர்களுடையதுதான், அப்படித்தான் நாம் ஆடிட்டரிடமும் சொன்னோம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறந்தது. வந்தது வேறு.

"ஆடிட்டர் கேட்டா அப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன் சார். எடுத்துட்டுப் போங்கன்னு நான் யாருக்கும் சொல்லலை."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வீட்டில் மாதா மாதம் நிச்சயமாக வருவது என் சம்பளம் ஒன்றுதான் என்று அந்த நொடியில் நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகு எந்தக் காரணமும் எனக்கே செல்லுபடியாகவில்லை.

"இன்னிக்கு இவங்க போட்டா நாளைக்கு அத்தனை பேரும் கேப்பாங்க. எனக்குத் தாங்காது" என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தணித்து, "போலீஸ் கீலீஸ்னு போக வேணாம். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. தானா நின்னுட்டதா இருக்கட்டும்" என்றார். பெருந்தன்மையாம்.

அண்ணி அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலாக இழுத்துக் கையுறையைக் கழற்றினாள். உள்ளே இருந்த ஈரத்தை உதறி, இரண்டையும் சேர்த்து மடித்து, மேனேஜர் மேசையில் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். "உள்ள வெச்சுப் பூட்டிடு" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. வழியில் இரும்புக் கடை ஒன்றில் ஏறி, இருப்பதிலேயே தடிமனான, முழங்கை வரை வரும் ஒரு ஜோடி கையுறை வாங்கினேன். கடைக்காரர் தோட்ட வேலைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் அப்போதெல்லாம் எனக்குச் சரளமாக வந்தது.

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இவ வேலையை விட்டுட்டாளாமே? நல்லதாப் போச்சு. கை ஆறட்டும்" என்றான். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் நின்னுட்டேன். கைதான் முக்கியம்" என்றாள்.

இதற்கு அவள் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். அண்ணனிடம் போட்டுக் கொடுத்திருக்கலாம், அவன் ஆடித் தீர்த்திருப்பான், நானும் அழுது தீர்த்திருப்பேன். அவள் அந்த வழியையும் அடைத்துவிட்டாள். அண்ணன் எழுந்து போனதும் பையிலிருந்த கையுறையை எடுத்து நீட்டினேன்.

"இப்ப எதுக்கு இது? பாத்திரம் விளக்கவா?" என்றாள். குத்தலாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள். வாங்கி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே தொங்கியது. குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். அதனால் நான் தண்ணீர் குடிப்பதே குறைந்தது.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். பக்கத்திலேயே துணி வாங்கும் கம்பெனி அனுப்பிய ஒரு பெரிய படம்: வெள்ளைத் துணியை ஏந்திய, கையுறை போட்ட இரண்டு கைகள். கீழே 'பாதுகாப்பான கைகள், பொறுப்பான துணி' என்று எழுதியிருந்தது. முகம் கிடையாது. எனக்கு முகம் தெரிந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிப் போகப் பின்வாசல் இருக்கிறது என்று யோசித்து, அந்த யோசனைக்கே வெட்கப்பட்டேன்.

படம் மாட்டிய விழாவுக்கு ஆடிட்டரும் வந்திருந்தார். மேனேஜர் விருந்தாளிகளைக் கழிவுநீர் இயந்திரத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்த நேரம், அவர் என் மேசைக்கு வந்தார்.

"அந்தம்மா எங்கம்மா, இன்னிக்கு வரலையா? கை எப்படி இருக்கு? சோப்பு மாத்தினாங்களா?"

நினைவில் வைத்திருக்கிறார்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அன்னிக்கே ஒரு உறுத்தல். சோப்புல அவ்வளவு ஆகுமான்னு. ஏதாவது இருந்தா எங்கிட்டச் சொல்லுங்கம்மா. உங்க பேர் வெளியில வராது. சான்றிதழ்ங்கிறது மாட்டி வைக்கிறதுக்கு இல்லையே, அந்தக் கைக்குத்தானே?"

இப்படி ஒரு வாய்ப்பு இரண்டாவது முறை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அலமாரி எனக்குப் பின்னால் இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. எழுந்து திறந்து காட்டினால் போதும், நான் பேசவே வேண்டியதில்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாடு ஏனோ நினைவுக்கு வந்தது. உப்பு சரியாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னை யாரும் சமையலறைக்குக் கூப்பிடவில்லை என்பது பாதிச் சாப்பாட்டில்தான் எனக்கு உறைத்தது.

"ஆறிடுச்சு சார்" என்றேன். "சுத்தமா ஆறிடுச்சு."

இதுவும் பொய்யில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்பச் சந்தோஷம்மா. இந்த மாதிரி நாலு இடம் மாறினா போதும், நான் பண்ற வேலைக்கு அர்த்தம் இருக்கு" என்று சொல்லி, போகும்போது அந்தப் படத்தின் முன் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், வேறென்ன.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணி உற்சாகமாக இருந்தாள்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"எங்க அண்ணி?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாய ஆலை இருக்குல்ல, அங்கதான். அதே தொட்டி வேலை."

"மறுபடியும் தொட்டியா? வேணாம் அண்ணி."

"வேற என்ன தெரியும் எனக்கு? உங்க அண்ணன் வேன் ரெண்டு வாரமா நிக்குது, பார்த்தே இல்ல?" அவள் சாப்பாட்டுப் பையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாசல்லயே உங்க கம்பெனி மாதிரி அதே இலைப் படம் மாட்டியிருக்கு. அதைப் பார்த்துத் தைரியம் வந்து, கிளவுஸ் தருவீங்களான்னு கேட்டேன். அந்தச் சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு."

சொல்லும்போதும் சிரித்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய், ஆணியிலிருந்து நான் வாங்கிய கையுறையை எடுத்தாள். தூசியை உதறிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இது என்னோடதுதானே, டீச்சர்?"

எத்தனை நாளைக்கப்புறம் அந்தப் பெயர். அதற்காகச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நான்..."

"அதெல்லாம் கேட்டேனா? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உங்களோடதுதான்" என்றேன். என் குரல் பேக்கிங் கூடத்தில் கேட்ட அதே குரலாகத்தான் வந்தது. எனக்கே காது கூசியது.

"அப்ப இதுல எழுதிக் குடு. யாராவது பிடிச்சா காட்டணும்ல."

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. துணிக் கட்டுகளில் எண் போடும் பேனா என் பையில் இருந்தது. கையுறையின் விளிம்பை மடித்து உள்பக்கத்தில், 'இது போட்டிருப்பவரின் சொந்தப் பொருள்' என்று எழுதினேன். எழுத்து கோணியது. மற்றதிலும் அதையே எழுதினேன்.

"கையெழுத்து?"

போட்டேன். அவள் வாங்கி, மை காய ஊதினாள். அவள் விரல்களில் புதுத் தோல் வந்திருந்தது, வெளிர் சிவப்பாக, வழவழவென்று. அந்த விரல்களால் கையுறையை நன்றாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள்.

"இது எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

வாங்கி மாளாது என்று மேனேஜர் சொல்வது எனக்கு நினைவுக்கு வந்தது. "தெரியலை அண்ணி" என்றேன்.

"சரி, இது கிழியற வரைக்கும் உப்பு நான் போடறேன்" என்றாள் அண்ணி. "அப்புறம் நீதான். அதுக்குள்ள அளவா போடப் பழகிக்கோ."